ஆட வரச் சொன்ன கடிதம்

"மிதிக்கறியே அண்ணி! மறுபடியும் மிதிக்கறியே! இது தறிக்குழி இல்ல, தரை!"

பங்காரு தன் இரண்டு கோல்களையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அதற்குள் அவள் இப்படி நிறுத்தியது ஏழாவது தடவை.

கோமளவல்லி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். சித்திரை மாத வெயில் ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்குவேனா என்றது. நாற்பத்து மூன்று வயதில், கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு, கையில் கோலோடு குதிக்க வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தால் யாருக்குத்தான் அழுகை வராது? அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"கால் அப்படித்தான் வருது. நான் இன்னா பண்றது?"

"வலது காலை எடுத்து வெக்கச் சொன்னா நீ அமுக்கறே. அப்புறம் எடது காலை அமுக்கறே. நூல் வரலன்னு தறி நின்னு மூணு மாசம் ஆவுது. உன் காலு மட்டும் இன்னும் நெய்துகினே கீது!"

சொன்னது பொய்யில்லை. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து குழியில் இறங்கித் தறி மிதித்த கால்கள் அவை. ஒன்று கீழே போனால் ஒன்று மேலே வரும். அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரிந்த கணக்கு. பங்காருவின் கோலாட்டத்திலோ மூன்று இருந்தது. இரண்டடி முன்னால் வைத்து, மூன்றாவதில் காலைத் தூக்கித் திரும்பிக் கோலைத் தட்ட வேண்டும். அந்த மூன்றாவது வரும்போதெல்லாம் கோமளவல்லியின் கால் தரையை அழுத்திக்கொண்டு நின்றது. பங்காருவின் கோல் வெறுங்காற்றைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

யுத்தம் முடிந்து வருஷம் ஆகப் போகிறது. நூல் ரேஷன் மட்டும் முடிந்தபாடில்லை. தறிகளை ஓரமாக ஒதுக்கிய கூடத்தில் ஆடுவதற்கு இடத்துக்குக் குறைவில்லை. ஆடத் தெரிந்த காலுக்குத்தான் குறைச்சல்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்பது போன வாரமே நமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தக் கடிதத்தை ஒரு தடவை நினைத்துச் சபிக்காமல் கோமளவல்லிக்குப் பொழுது விடிவதில்லை.

அவள் மகன் நாகராஜனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தா வேலை. பையன் சாது. பார்க்கவும் லட்சணம். இருந்தும் இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிற்று. பொதட்டூர்பேட்டைக்காரர்கள் தட்டு மாற்றுகிறவரை வந்து, பிறகு வாயைத் திறக்கவில்லை. பள்ளிப்பட்டில் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். அதே மாதம் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் தாலி ஏறியது. மூன்றாவதாக வந்தது நகரிப் பெண் சுலோசனா. நாகராஜன் போய்ப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் ஒரே வார்த்தைதான் சொன்னான். "இதுவும் போச்சுன்னா அப்புறம் எனக்குக் கல்யாணப் பேச்சே வாணாம்மா." அதிகம் பேசாத பிள்ளை ஒரு வார்த்தை பேசினால் அது வயிற்றில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் சுலோசனாவின் அம்மா துளசம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. தெலுங்குக் கடிதம். எழுத்தோடு எழுத்து கோத்துச் சங்கிலியாக எழுதியிருந்தது. கொண்டுவந்த ஆள் அதை இடுப்பில் செருகி வைத்திருந்ததில் வேர்வை பட்டுப் பாதி மை கரைந்திருந்தது. கோமளவல்லியின் புருஷன் வேதாசலம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்குத் தெலுங்கு பேசத் தெரியும். படிக்கத் தெரியும் என்பது அவராகச் சொல்லிக்கொள்வது.

"ரெண்டு வாரம் கழிச்சி வர்ற வெள்ளிக்கெழமை பொண்ணுக்குப் பூ வெக்க வரணுமாம். நலங்கு வெக்கறாங்களாம். அப்புறம்... நீங்க... ஆட... ரெண்டு பேரும் சேந்து வரணும்... இல்லன்னா முகூர்த்தம் இல்லைன்னு எழுதியிருக்கா."

"ஆடவா? யாரு ஆடறது?"

"நீதான். அந்தப் பக்கத்துல சம்பந்தியம்மா ரெண்டு பேரும் எதிரும் புதிருமா நின்னு கோலாட்டம் போடுவாங்க போலகீது. நான்கூட எங்கியோ கேட்டிருக்கேன்."

எங்கே கேட்டார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கோலாட்டம் தெரிந்தவள் என்று அவர் நினைவுக்கு வந்தது ஒரே ஆள்தான். புத்தூரில் வாழ்க்கைப்பட்ட அவருடைய தங்கை பங்காரு. நாலு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவள். அவர் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரயிலேறிப் போய் அவளை அழைத்துக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். வாசலில் நாத்தனாரைப் பார்த்ததும் கோமளவல்லிக்கு வாயில் "வா" என்று வரவில்லை. "கால் கழுவ தண்ணி அங்க கீது" என்றாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பங்காரு தன் மகள் சந்திராவைக் கூட்டிக்கொண்டு, அவளை நாகராஜனுக்குக் கேட்டு வந்தாள். அத்தை மகள், முறைப்பெண். தட்டில் வெற்றிலை, பழத்தோடு ஜாதகமும் வைத்துக் கொடுத்தாள். பத்து நாள் கழித்துக் கோமளவல்லி, "ஜோசியர் பாத்துட்டாரு, பொருந்தலையாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அன்றோடு போக்குவரத்து நின்றது.

இப்போது அந்த நாத்தனாரிடம்தான் பன்னிரண்டு நாளாகப் பாடம்.

"இன்னொரு தபா," என்றாள் பங்காரு. "எண்ணிகினே வா. ஒண்ணு, ரெண்டு..."

ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கோமளவல்லி காலைத் தூக்கித்தான் பார்த்தாள். தூக்கிய காலைப் பார்த்துக்கொண்டே கோலை வீசினாள். அது பங்காருவின் கை முட்டியில் போய்ச் சுரீரென்று பட்டது.

"அம்மா!" பங்காரு கையை உதறினாள்.

"வேணும்னு செய்யல," என்றாள் கோமளவல்லி. மன்னிப்புக் கேட்கிற குரலில் அது வரவில்லை.

"நீ எதைத்தான் வேணும்னு செஞ்சே? எல்லாம் தானா நடக்குது உனக்கு."

"இன்னாத்தை சொல்றே?"

"ஒண்ணும் சொல்லல. பன்னண்டு நாளாச்சி. சின்னப் பொண்ணுங்களுக்கு நாலு நாள்ல வர்றது உனக்கு வரல. மனசு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். எப்படி வரும்?"

"எனக்கு வரலன்னா சொல்லிக் கொடுக்கறவளுக்குத் தெரியலன்னு அர்த்தம்."

எரிகிற கையை ஊதிக்கொண்டிருந்த பங்காரு தலையை நிமிர்த்தினாள். நாலு வருஷம் அடக்கி வைத்திருந்தது அப்போது வாய்க்கு வந்துவிட்டது.

"ஆங், எனக்குத் தெரியாதுதான். ஜாதகத்தைப் பொட்டியை விட்டு எடுக்காமலே பொருத்தம் பாக்கற வித்தை உனக்குத்தான் தெரியும்!"

கோமளவல்லிக்குக் காதுவரை சூடாகிவிட்டது. அந்த ஜாதகம் எந்த ஜோசியர் கையிலும் போகவில்லை என்பது உண்மை. பத்து நாளும் அது அவளுடைய துணிப்பெட்டியின் அடியில்தான் கிடந்தது. நாத்தனார் மகள் மருமகளாக வந்தால் அப்புறம் இந்த வீட்டில் தன் பேச்சு எடுபடாது என்ற பயம். வேறு ஒன்றுமில்லை. அதை இத்தனை நாள் யாருக்கும் தெரியாது என்றே அவள் நினைத்திருந்தாள்.

"யாரு சொன்னாங்க உனக்கு?"

"ஜோசியரே சொன்னாரு. அடுத்த வருசம் மலை மேல பாத்தேன். 'ஏம்மா, என் கையில எந்த ஜாதகமும் வரலியே'ன்னாரு. நான் அப்படியே படியில உக்காந்துட்டேன்."

அந்த இடத்தில் கோமளவல்லி தலையைக் குனிந்திருந்தால் இந்த வாரக் கதை இவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் தப்பு வெளியே தெரிந்துபோன மனுஷிக்குத் தலை குனிவது சுலபமா? அவமானம் அவளுக்குக் கோபமாகத்தான் வந்தது. கோபத்தில் வார்த்தையும் வந்தது.

"நான்தான் வாணாம்னேன், ஒத்துக்கறேன். ஊர்ல வேற ஆம்பளையே இல்லியா? வேற யாரும் ஏன் கேட்டு வரல? இருவது வயசாயி இன்னும் வீட்டோடதானே கீறா!"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது கேட்டது.

பங்காரு கோல்களைக் கீழே வைத்தாள். எறியவில்லை, குனிந்து வைத்தாள். உள்ளே போய்க் கொடியிலிருந்த புடவையை எடுத்து மடித்துப் பையில் திணித்தாள். வாசல்படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"என்னை இன்னா வேணா சொல்லியிருக்கலாம் அண்ணி. அவளைச் சொல்லியிருக்க வாணாம். பன்னண்டே முக்காலுக்கு வண்டி. அண்ணன் வந்தா சொல்லிடு. உன் பிள்ளை கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்."

"போயேன்! யாரு புடிச்சிகினு கீறாங்க?" என்றாள் கோமளவல்லி, அவள் தெருமுனை திரும்பிய பிறகு.

வீடு ஓய்ந்துவிட்டது. வெளியே காவடிக்காரர்கள் அரோகரா போட்டுக்கொண்டு மலைப் பக்கம் போனார்கள். அடுப்பில் சோறு குழைந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, கோமளவல்லி மறுபடியும் கூடத்துக்கு வந்தாள். கோல்களைக் கையில் எடுத்தாள். அவள் இல்லாவிட்டால் தனக்கு வராதா என்ன? வெள்ளிக்கிழமை நகரிக்குப் போய், அந்தத் துளசம்மாவுக்கு எதிரே நின்று ஆடிக் காட்டிவிட்டு வருகிறேனா இல்லையா பார்.

ஒன்று. இரண்டு. கால் தானாக எழும்பிற்று. உடம்பு திரும்பிற்று. கோலும் கோலும் அவள் தலைக்கு மேலே சரியாகத் தட்டிக்கொண்டன.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை செய்தாள். வந்தது. பத்துத் தடவை செய்தாள். பத்தும் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கு எரிச்சல்தான் மண்டியது. பன்னிரண்டு நாள் வராத சனியன், பார்க்க ஆளில்லாதபோது வந்து நின்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

பதினோராவது சுற்றில், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வேதாசலம் நூல் சங்கத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தார். கூடவே சிவப்பு மேல்துண்டு போட்ட ஒரு மனிதர். துளசம்மாவின் தம்பி எல்லப்பன், சுலோசனாவுக்குத் தாய்மாமன். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு வேண்டுதல் என்று மலைக்கு வந்தவரை, வேதாசலம் கடைத்தெருவில் பிடித்து மோர் குடிக்க அழைத்து வந்திருக்கிறார்.

கோமளவல்லி கோல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மூச்சு வாங்கியது.

எல்லப்பன் மோர்ச்செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு வீட்டை ஒரு நோட்டம் விட்டார். "எங்க அக்கா முக்கியமா பாத்துட்டு வரச் சொன்னா, சம்பந்தியம்மா. ஆடபிட்ட எப்படி கீறாங்க?"

பன்னிரண்டு நாளாக ஆட்டத்தைத் தவிர வேறு நினைப்பில்லாத காது. அதில் பாதி வார்த்தைதான் விழுந்தது.

"ஆடத்தான் பழகிகினு கீறேன். இப்பத்தான் ஒரு மாதிரி வருது. வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாயிடும்னு சொல்லுங்க."

எல்லப்பன் அவளைப் பார்த்தார். அவள் முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கோல் நுனியைப் பார்த்தார். பிறகு வேதாசலத்தைப் பார்த்தார். "இன்னா பாவா சொல்றாங்க? எனக்கு ஒண்ணும் விளங்கலியே."

"அதான் கடுதாசியில எழுதியிருந்தாங்களே..." என்று வேதாசலம் தொண்டையைச் செருமினார்.

"இன்னா எழுதியிருந்தது? எடுங்க, பாக்கலாம்."

காலண்டருக்குப் பின்னாலிருந்து கடிதம் வந்தது. எல்லப்பன் கண்ணாடிகூட இல்லாமல் அதைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற மாதிரி படித்தார்.

"மீரூ மீ ஆடபிட்டா இத்தரூ கலிசி ராவாலி. லேகுண்டே முகூர்த்தம் லேது."

திருத்தணியில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்தத் தெலுங்கு புரியும். நீங்களும் உங்கள் நாத்தனாரும் இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும். இல்லாவிட்டால் முகூர்த்தம் இல்லை. ஆடபிட்ட என்றால் நாத்தனார். எழுதியவள் 'ஆட' என்பதை ஒரு வரியின் கடைசியில் எழுதி, 'பிட்ட' என்பதை அடுத்த வரிக்குக் கொண்டுபோயிருந்தாள். அந்தப் 'பிட்ட' இருந்த இடத்தில் வேர்வை பட்டு மை கரைந்து நீலமாக ஒரு திட்டு. அதை வேதாசலம் தாண்டிப் போய்விட்டார். பாதியைத் தெலுங்காகவும் பாதியைத் தமிழாகவும் படித்துப் பெண்டாட்டியை ஆட வைத்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லப்பனுக்குச் சிரிப்பு வந்திருக்கும். கோமளவல்லியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"ஒளிக்காம சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க," என்றார் அவர். "முறைப்பொண்ணை வாணாம்னு தள்ளின வீடு, அத்தைக்காரி வயித்தெரிச்சல் பட்டுகினு கீறான்னு ஊர்ல பேச்சு. ரெண்டு எடம் தட்டிப் போனது அதனாலதான்னு சொல்றாங்க. எங்க அக்கா பயந்துட்டா. அந்த அத்தைக்காரியே உங்ககூட வந்து சுலோசனா தலையில பூ வெச்சா போதும், வேற ஒரு சீரும் வாணாம்னுட்டா. அவங்க வந்து கீறாங்கன்னு பாவா சொன்னாரு. அதான் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு வந்தேன். எங்க அவங்க?"

வேதாசலமும் அதே கேள்வியை முகத்தில் வைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"கடைக்குப் போயிருக்கா," என்றாள் கோமளவல்லி. அவள் பொய் சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. இன்னும் வாய் மறக்கவில்லை.

"சரி. நான் மலை ஏறிட்டு வெயில் தாழ எறங்கறேன். வந்து அவங்க வாயால கேட்டுகினு போறேன். அக்காகிட்ட நான் பதில் சொல்லியாவணும்."

அவர் படியிறங்கியதும் கோமளவல்லி கோல்களைத் தறிமேல் போட்டாள். புருஷனைப் பார்த்து அவள் சொல்ல நினைத்தது ஒரு வண்டி இருந்தது.

"நீங்க... உங்க கண்ணாடி... உங்க தெலுங்கு..." ஒன்றும் முழுசாக வரவில்லை. "பங்காரு போய்ட்டா. நான்தான் பேசித் துரத்திட்டேன்."

"இன்னா பேசினே?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "மணி இன்னா?"

"பன்னண்டு அடிச்சிப்போச்சி. நான் போயி..."

"நீங்க ஒரு தபா போயி அழைச்சிகினு வந்தது போதும்," என்றாள். சமையற்கட்டில் அடுப்பை அணைத்தாளா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் தெருவில் இறங்கினாள்.

மெஹபூப் பாஷாவின் ஜட்கா புளியமரத்தடியில் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்து, "ஸ்டேசன், சீக்கிரம்" என்றாள். சொன்னதுதான் மிச்சம். மலையிலிருந்து இறங்குகிற கூட்டமும் ஏறுகிற கூட்டமும் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு காவடிக்காரர் நடுரோட்டில் சுற்றிச் சுற்றி ஆடினார். பம்பைக்காரர்கள் அவரை விடுவதாக இல்லை. உலகத்தில் எல்லாருக்கும் ஆட வருகிறது என்று கோமளவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் ஓட்டேன் பாய்!"

"சாமி ஆடறாரும்மா. மேல ஏத்தச் சொல்றீங்களா?" என்றான் பாஷா. "வண்டி இன்னிக்கு லேட்டுதான் வரும். தெனம் லேட்டுதான் வருது. ஏம்மா படபடன்னு கீறீங்க? யாராச்சும் ஊருக்குப் போறாங்களா?"

"என் நாத்தனாரு."

"வழியனுப்பவா?"

பாஷா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, கீழே இறங்கிக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக் கூட்டத்துக்குள் நடத்திக்கொண்டு போனான்.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது பாசஞ்சர் வந்து நின்றிருந்தது. பெண்கள் பெட்டி கடைசியில். கோமளவல்லி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு ஓடினாள். நாலாவது ஜன்னலில் பங்காரு, மடியில் பையோடு, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது கை முட்டி வீங்கியிருந்தது.

"பங்காரு, எறங்கு."

பங்காரு திரும்பினாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "எதுக்கு?"

"அந்தக் கடுதாசியில ஆட்டமே இல்ல. உங்க அண்ணன் தப்பாப் படிச்சிட்டாரு. என்னை ஆடச் சொல்லல. உன்னைத்தான்... உன்னை அழைச்சிகினு வரச் சொல்லி..."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நான் வந்த அன்னிக்கே காலண்டர் பின்னால இருந்தது. எடுத்துப் படிச்சேன். புத்தூர்ல இருவத்திரண்டு வருசமா குடித்தனம் பண்றேன், எனக்கா தெலுங்கு வராது?"

கோமளவல்லிக்குத் தலைக்குள் ஏதோ பிசகிற்று. முழங்கால் வலியும், கணுக்கால் வீக்கமும், பன்னிரண்டு நாள் வேர்வையும் ஒன்றாகச் சேர்ந்து கொதித்தன.

"தெரிஞ்சிகினேவா என்னைக் குதிக்க வெச்சே? பைத்தியக்காரி மாதிரி கூடத்துல..."

"பின்னே இன்னா பண்ணச் சொல்றே?" பங்காருவின் குரலும் ஏறியது. பெட்டியில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கடுதாசியில என்னைத்தான் எழுதியிருக்காங்க, எனக்கு வெத்திலை வெச்சி அழைங்கன்னு நானே எடுத்து நீட்டறதா? நாலு வருசமா வான்னு ஒரு வார்த்தை சொல்லாத வீட்ல? என் வாயால கேக்க முடியல அண்ணி. அண்ணன் ஆட்டம் சொல்லிக் கொடுன்னாரு. அதையாச்சும் செஞ்சிட்டுப் போவோம்னு இருந்துட்டேன். உன் எதிர்ல நின்னு உன்னைத் திட்டறதுக்காவது ஒரு சாக்கு கெடைச்சுதே."

கோமளவல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொதிப்பு அடங்கவில்லை. ஆனால் அதில் பாதி தன் மேலேயே திரும்பிவிட்டது. இவள் நாலு வருஷம் கேட்காமல் இருந்தாள், தான் நாலு வருஷம் சொல்லாமல் இருந்தோம். நடுவில் வேர்வையில் கரைந்த ஒரு வார்த்தை வந்து இரண்டு பேரையும் குதிக்க வைத்திருக்கிறது.

"அந்த ஜாதகம்," என்றாள். வார்த்தைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. "நான் பாக்கல. நீ சொன்னது நெசம். பயந்துட்டேன். உன் பொண்ணு வந்தா எம் பேச்சு அந்த வீட்ல எடுபடாதுன்னு பயம். தப்புதான். வெள்ளிக்கெழமை எங்கூட வா, பங்காரு. நாகராஜன் மனசு வெச்சிட்டான். இது போச்சுன்னா அவன் ஒண்டியாவே நின்னுடுவான்."

பிளாட்பாரத்து மணி அடித்தது.

"நாகராஜன் நான் தூக்கி வளத்த பிள்ளை," என்றாள் பங்காரு. "எனக்கு இன்னா, ரோசம் எல்லாம் சாயங்காலம் வரைக்கும்தான். நீ திட்டினா நான் ரெண்டு திட்டிட்டு வந்துடுவேன். ஆனா காலையில நீ பேசினது என்னை இல்லியே அண்ணி. என்கிட்ட வந்து தப்புன்னா நான் எப்படி சரின்னு சொல்றது? வேணும்னா அவளைக் கேளு. அவ, 'போயி பூ வெச்சிட்டு வாம்மா'ன்னு சொல்லட்டும். வரேன்."

"அவளையா? சாயங்காலம் எல்லப்பன் வந்து நிப்பாரு..."

"அது உன் பாடு."

கார்டு கொடியை வீசினார். எஞ்சின் கூவியது. கோமளவல்லி வெளிக்கதவுப் பக்கம் பார்த்தாள். ஜட்காவில் ஏறினால் கால் மணியில் வீடு. எல்லப்பனுக்கு ஒரு பொய் சொல்லலாம்; இன்னொரு பொய்க்கு இடமா இல்லை? பெட்டி ஒரு குலுக்கல் குலுங்கி நகர ஆரம்பித்தது. அவள் கதவுக் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள். கையில் டிக்கெட் இல்லை, மடியில் ஒரு காசு இல்லை, வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பங்காரு ஆவென்று பார்த்தாள். பிறகு பையை அணைத்துக்கொண்டு நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். கோமளவல்லி உட்கார்ந்தாள். வண்டி பொன்பாடியைத் தாண்டியது.

சந்திராவிடம் என்னவென்று ஆரம்பிப்பது? அவள் கதவைச் சாத்திக்கொண்டால்? வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினால்? நாலு வாக்கியம் மனசுக்குள் கோத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தபோதுதான் அது அவளுக்குப் புரிந்தது. சின்னப் பிள்ளையாகப் பார்த்த முகம் தவிர, வளர்ந்த பெண்ணின் முகம் அவளுக்கு நினைவில்லை. தட்டோடு வந்த அன்று சந்திரா அத்தனை நேரம் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட கோமளவல்லி, அவளை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.